சீமாட்டி உட்கார்ந்த இடங்கள்

ஜனவரி 12

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், அம்மா மூவரும் நலம்தான் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரியில் பக்கவாதம் வந்தவர்களையெல்லாம் நடக்க வைக்கிற மகள், வீட்டிலிருக்கிற முட்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று போனில் என்னிடம் புகார் வந்தது. நீயும் நானும் போனில் பேசினால் ஐந்து நிமிஷத்தில் சண்டையில் வந்து நிற்கும். அதனால் எப்போதும்போல் காகிதத்தில் எழுதுகிறேன். சண்டையையும் காகிதத்திலேயே போடு.

விஷயம் என்னவென்றால், சீமாட்டி மறுபடி சாதித்துவிட்டாள். எங்கள் துறைமுகக் கிடங்கில் வேலை முடிந்து வெளியே போகிறவர்கள் வாசலில் வரிசையாக நின்று பையைக் கீழே வைக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். நான் சீமாட்டியின் வாரைப் பிடித்துக்கொண்டு வரிசையோரமாக நடப்பேன். போதைப்பொருள் வாசனை பட்டால் அவள் குரைக்க மாட்டாள், பாய மாட்டாள். வைத்த பெயருக்குப் பொருத்தமாக அந்தப் பையின் முன்னால் மரியாதையாக உட்காருவாள். அதற்கப்புறம் வேலை மற்றவர்களுடையது.

இந்தத் தடவை உட்கார்ந்தது சாவிக்காரரின் பை முன்னால். கிடங்குக் கதவுகள் அத்தனைக்கும் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும், ஆள் வருவதற்கு முன் சத்தம் வந்துவிடும். இதோடு மூன்றாவது முறை. பையைக் கொட்டிப் பார்த்தார்கள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, பழைய செய்தித்தாள். முந்தைய இரண்டு முறையும் இதே கதைதான். ஆனால் மூன்று தடவை உட்கார்ந்தால் ஒன்றுமில்லாமலா உட்காரும் என்று மேலாளர் கேட்டார். சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

உன்னிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அந்த ஆளை முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. சிரித்துப் பேசுவார், ஒருவரிடமும் வம்புக்குப் போனதில்லை. இருந்தாலும் அவர் வந்தால் என் வயிற்றுக்குள் என்னவோ செய்யும். கடைசியில் பார், சீமாட்டியும் அதையே சொல்லிவிட்டாள். மனுஷன் பொய் சொல்வான், நாய் சொல்லாது.

அம்மாவுக்கு என் அன்பு. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


ஜனவரி 30

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம், முட்டியைத் தவிர. அதற்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தால் அம்மா என் முன்னால் இரண்டு முறை காலை நீட்டுகிறாள், நான் செருப்பை மாட்டியதும் கட்டிலில் ஏறிவிடுகிறாள். அதையும் போனில் சொன்னாளா என்று கேள்.

உன் கடிதம் வந்ததிலிருந்து மண்டைக்குள் ஒரே குடைச்சல். எங்கள் வார்டில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், ஓய்வு பெற்றவர், மூளையின் நடுப்பகுதியில் ரத்த அடைப்பு வந்து சேர்ந்திருக்கிறார். கை கால் எல்லாம் அசைகிறது. ஆனால் இடது கை அவர் பேச்சைக் கேட்பதில்லை. வலது கை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வரும், இடது கை பின்னாலேயே வந்து கழற்றும். நேற்று அந்தக் கை நர்ஸின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்துவிட்டது. மனுஷர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். “நீங்க செய்யலையே சார், கை தானா செஞ்சது, நீங்க எதுக்குக் கேக்கணும்?” என்றேன் நான். “நான் செய்யலதான். ஆனா கைக்கு வாய் கிடையாதேம்மா, வேற யார் கேப்பா?” என்றார். வார்டே சிரித்தது. நான் மட்டும் வீடு வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

அவருடையது வியாதி. ஆனால் நல்லா இருக்கிற நம் உடம்பும் நமக்குத் தெரியாமல் என்னென்னவோ செய்துகொண்டுதான் இருக்கிறது. நான் நடக்க வைக்கிற ஆட்களிடம் தினமும் பார்க்கிறேன். பயமில்லை என்று வாய் சொல்லும், கால் விரல் தரையைக் கவ்விப் பிடிக்கும். சொல்லிக் காட்டினால்தான் அவர்களுக்கே தெரியும். அதனால் கேட்கிறேன். சாவிக்காரரின் பை பக்கம் போகும்போது நீ என்ன செய்கிறாய்? சீமாட்டி அல்ல, நீ. வார் இறுகுகிறதா, நடை மெதுவாகிறதா? முகர்கிற வேலைக்கு வந்தவள் உன்னையும் சேர்த்து முகர்கிறாளோ என்னவோ.

கோபம் வந்தால் வரட்டும். கடிதத்தைக் கிழிக்காமல் பதில் போடு.

அத்தான் விசாரித்தார். அம்மா உன்னைச் சரியாகச் சாப்பிடச் சொன்னாள்.

அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

இங்கே நலம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும். கோபம் வந்தது, கிழிக்கவில்லை.

நீ கேட்டதை எங்கள் வாத்தியாரிடமே, அதாவது எனக்கும் சீமாட்டிக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தவரிடம், கேட்டேன். பொருள் இல்லாவிட்டாலும் அது பட்ட இடத்தில் வாசனை நாள்கணக்கில் நிற்கும், நாய் அதற்கும் உட்காரும் என்றார். பொருள் கிடைக்காத கதைக்கு விளக்கம் அதுதான். நான் வரிசையில் எப்போதும் ஒரே மாதிரிதான் நடக்கிறேன். இத்தனை வருஷம் செய்கிற வேலை, எனக்குத் தெரியாதா? உன் பல் டாக்டரின் கையை என் கணக்கில் எழுதாதே.

சாவிக்காரர் போன வாரம் வாசலுக்கு வந்தார். சாவி இல்லாமல், சத்தமில்லாமல் வந்து நின்றதால் நான் கவனிக்கவே இல்லை. “தம்பி, என் வீட்ல என் பொண்ணே என்னைச் சந்தேகமாப் பாக்குது. இன்னொரு தரம் சரியாப் பாக்கச் சொல்லுங்க” என்றார். சண்டை போட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அந்த ஆள் தம்பி என்று கூப்பிட்டுவிட்டுப் போனதுதான் என்னவோபோல் இருந்தது. ஒன்று கவனித்தேன், உனக்குப் பிடிக்குமே என்று சொல்கிறேன்: அன்றைக்கு என் வயிறு ஒன்றும் செய்யவில்லை.

சீமாட்டிக்குக் காதில் புண், மருந்து போடுகிறேன். அம்மாவைச் சும்மா விரட்டாதே.

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

நாங்கள் நலம். சீமாட்டியின் காது ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தில் கடைசியில் போட்டாயே ஒரு வரி, வயிறு ஒன்றும் செய்யவில்லை என்று, அதை நான் நாலு தடவை படித்தேன். அதே ஆள், அதே வாசல். வயிறு ஏன் சும்மா இருந்தது? உனக்குக் கேட்கத் தோன்றவில்லையா? எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

வாத்தியார் சொன்னது சரியாகவே இருக்கலாம். பார்த்துவிட்டால் தெரிந்துவிடுகிறது, இதற்கு ஏன் தர்க்கம்? உன்னோடு வேலை செய்கிற மீசையிடம் சொல். (மீசையை எடுத்து வருஷமாகியும் பெயர் போகவில்லை என்று எழுதியிருந்தாயே, அவரிடம்தான்.) ஒரே மாதிரி காலிப் பெட்டிகளை வரிசையாக வைக்கட்டும். எதிலும் ஒன்றுமே இருக்கக்கூடாது, புதுப் பெட்டியாக இருந்தால் நல்லது. ஆனால் உன்னிடம் அவர் எதையாவது காட்டி, இதில்தான் பொருள் இருக்கிறது என்று பொய் சொல்ல வேண்டும். எப்போது பொய் சொல்கிறார், எப்போது உண்மை என்று உனக்குத் தெரியக்கூடாது. அதனால் சில நாள் பயிற்சிக்கென்று வைத்திருக்கிற பொருளை நிஜமாகவே வைக்கட்டும். ஒளித்து வைத்தபின் அவர் சீமாட்டியின் கண்ணில் படாமல் தள்ளிப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

காலிப் பெட்டி முன்னால் அவள் உட்காரவில்லை என்றால் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன், அத்தானைச் சாட்சிக் கையெழுத்தும் போடச் சொல்கிறேன். பரீட்சைத் தாளைக் கொடுத்தபின் விடையைச் சரிபார்க்கவே மாட்டாய் நீ, பயந்தாங்கொள்ளி. இதில் பயப்படாதே.

அக்கா


மே 2

தம்பிக்கு,

நாங்கள் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்றுதான் தெரியவில்லை. இரண்டு மாதமாகப் பதில் இல்லை. போனில் கேட்டால் வேலை அதிகம் என்று அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். அம்மாவிடம் வானிலை பேசுகிறாய்.

பெட்டி வைத்துப் பார்த்தாயா, இல்லையா என்று நான் கேட்கவில்லை. பார்க்காதவன் இப்படி ஒளிய மாட்டான். என்ன ஆனாலும் எழுது. திட்டவேண்டுமென்றால் திட்டு, படித்துக்கொள்கிறேன்.

அக்கா


மே 19

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் எல்லாரும் நலமாக இருங்கள்.

உட்கார்ந்துவிட்டாள் அக்கா. மீசை காட்டிய பெட்டியின் முன்னால் போய் அழகாக உட்கார்ந்தாள். திறந்து காட்டினான், காலி. ஏதோ வாசனை ஒட்டியிருக்கும் என்றேன். கடையிலிருந்து புதுப் பெட்டி வாங்கி வந்தான். வேறொன்றைக் காட்டினான், அதன் முன்னால் உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்லாமல் விட்ட நாளில் கடைசிப் பெட்டிவரை போய், பொருள் இல்லாததால் உட்காராமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நிஜமாகவே வைத்து, எனக்குச் சொல்லாமல் விட்ட நாளில் சரியாகக் கண்டுபிடித்தாள். அவள் மூக்கில் ஒரு குறையும் இல்லை. நான் ஒன்றை நம்பிவிட்டால் மட்டும் மூக்கை ஒதுக்கி வைத்துவிட்டு என்னை நம்புகிறாள்.

நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. வாரைத் தளர்த்திப் பிடித்தேன், வேகமாக நடந்தேன், வேறு பக்கம் பார்த்தேன், அப்போதும் உட்கார்ந்தாள். மீசைதான் ஒரு கம்பத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தான். “டேய், நீ மூச்சை நிறுத்துறடா” என்றான். இல்லை என்று சண்டை போட்டேன். போனில் படம் பிடித்துக் காட்டினான். உதட்டை இறுக்கிக்கொண்டு, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு, சின்னப் பிள்ளை ஒளிந்து விளையாடுகிற மாதிரி நிற்கிறேன். என்னைப் பார்க்க எனக்கே யாரோபோல் இருந்தது.

இரண்டு மாதம் எழுதாமல் இருந்தது இதனால்தான். ராத்திரியெல்லாம் அவள் இதுவரை யார் யார் முன்னால் உட்கார்ந்தாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் பொருள் கிடைத்திருக்கிறது. கிடைக்காதவை சில உண்டு, அதில் சாவிக்காரர்தான் அதிகம்.

இப்போது உன் மாதிரியே எனக்கும் குடைச்சல் பிடித்துவிட்டது. மற்றவர்களிடம் எப்போதாவது நின்ற மூச்சு அவரிடம் மட்டும் ஏன் மூன்று முறையும் நின்றது? வாசல் காமிராவில் பழைய பதிவை மீசை எடுத்துக் காட்டினான். அவர் வரிசைக்கு வருவதற்கு முன்னாலேயே, மூலை திரும்புமுன்பே, என் தோள் ஏறுகிறது. ஆள் கண்ணில் படவே இல்லை. சத்தம்தான் வந்திருக்கும். சாவிச் சத்தத்தில் என்ன இருக்கிறது அக்கா? நீ இந்த விஷயமெல்லாம் படிக்கிறவள், உனக்குத் தெரிந்திருக்கும். சொல்.

அம்மாவிடம் இதெல்லாம் சொல்லாதே, வீணாகக் கவலைப்படுவாள்.

தம்பி


ஜூன் 21

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இரு. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வார்டில் ஆள் குறைவு.

பல் டாக்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இடது கைக்கு எப்போதும் ஒரு பந்தைக் கொடுத்து வைத்தால் அதை இறுக்கிக்கொண்டு சும்மா இருக்கிறது என்று அவர் மனைவிதான் கண்டுபிடித்தார். கிளம்பும்போது எனக்கு வலது கையால் கும்பிடு போட்டார், இடது கையில் பந்து இருந்தது. அம்மாவின் முட்டிக்கு மாடிப்படி ஆகவில்லை, ஒரு பட்டை வாங்கிக் கட்டிவிட்டிருக்கிறேன். மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று அத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீ பெட்டியை வைத்துப் பார்த்தது பெரிய காரியம். நான் சொன்னது சரியாகிவிட்டதற்காகச் சந்தோஷப்பட வேண்டும், பட முடியவில்லை.

சாவி விஷயம் நான் யோசிக்கிறேன். ஒன்று மட்டும் சொல். அவர் சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பாரா, தொடையில் தட்டுகிற மாதிரி தொங்கவிட்டு நடப்பாரா?

அக்கா


ஜூன் 30

அக்காவுக்கு,

நலம், நலம், எல்லாரும் நலம். சுண்ணாம்பு அடித்தாயிற்றா?

உன்னை எனக்குத் தெரியாதா? ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது கேள்வி திருப்பிக் கேட்கிறவள், ஒரு மாதம் கழித்து முட்டிப் பட்டை பற்றி எழுதுகிறாய். நீ எதையோ விழுங்குகிறாய். விழுங்காதே.

தொங்கவிட்டுத்தான் நடப்பார். இரண்டு தட்டு, ஒரு இழுப்பு, மறுபடி இரண்டு தட்டு. அவருக்கு ஒரு கால் லேசாக இழுக்கும். போதுமா?

இங்கே நிலைமையைக் கேள். விசாரணை அடுத்த மாதம். என் வாக்குமூலம்தான் முக்கியம். நான் உண்மையைச் சொன்னால் சீமாட்டியை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள், பழைய பதிவுகளையெல்லாம் கிண்டுவார்கள், என் வேலை என்னவாகும் என்று தெரியாது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. படத்தை அழித்துவிட்டேன் என்று மீசையே சொல்லிவிட்டான். “வேணும்னா செஞ்ச? இல்லல்ல? அப்புறம் எதுக்கு நீயாப் போயித் தலையைக் குடுக்கிற?” என்கிறான். அவன் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. எனக்குத் தெரியாமல் என் மூச்சு செய்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு? சீமாட்டி என் கட்டில் காலடியில் படுத்திருக்கிறாள். அவளை விட்டுக் கொடுக்க என்னால் முடியாது அக்கா. சாவிக்காரர் சந்தையில் மூட்டை தூக்குகிறார் என்று கேள்வி. கால் இழுக்கிற மனுஷர்.

எனக்கு ஒரு வழி சொல். முட்டியைப் பற்றி எழுதாதே.

தம்பி


ஜூலை 14

என் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ உட்கார்ந்துகொண்டு இதைப் படி.

இதை உனக்கு எழுதக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். மே மாதக் கடிதத்தில் தோள் ஏறுகிறது, ஒளிந்து விளையாடுகிற பிள்ளை மாதிரி இருக்கிறது என்று நீ எழுதியதை வாசித்தபோதே நான் கடிதத்தை மடித்துவிட்டேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். அவனுக்கு ஞாபகமில்லாதது ஞாபகமில்லாமலே போகட்டும் என்றாள். இத்தனை நாள் நானும் அப்படியே இருந்து பார்த்தேன்.

நீ பிறந்த கொஞ்ச நாளிலேயே அப்பா இறந்துவிட்டார் என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது பொய். உனக்குப் பேச்சு வருகிற வயதுவரை அவர் நம்மோடுதான் இருந்தார். அவரும் ஒரு கிடங்குக்குப் பொறுப்பாளர். இடுப்பில் சாவிக்கொத்து. படியேறி வரும்போது அது தொடையில் தட்டுகிற சத்தத்தை வைத்து அன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். குடித்திருந்தால் கால் இழுக்கும். இரண்டு தட்டு, ஒரு இழுப்பு. அது கேட்டால் நான் உன்னைத் தூக்கிக்கொண்டு படிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் போய்விடுவேன். நீ அழுதால் மாட்டிக்கொள்வோம். அதனால் விளையாட்டு மாதிரி உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். உதட்டை மூடு, தோளைச் சுருக்கு, மூச்சு விடாதே, யார் அதிக நேரம் இருக்கிறோம் பார்க்கலாம் என்று. நீ சமர்த்தாகக் கற்றுக்கொண்டாய். சில நாளில் சத்தம் கேட்டதும் நான் சொல்லாமலே செய்தாய். எல்லாம் அடங்கியதும் அம்மா வந்து அலமாரிக் கதவை விரலால் இரண்டு தட்டு தட்டி, “போயாச்சு. விடுங்க” என்பாள். அப்புறம்தான் மூச்சு விடுவோம். ஒருநாள் அவர் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனார், திரும்பவில்லை. பிறகு இறந்த செய்தி மட்டும் வந்தது.

உனக்கு அவர் முகம்கூட ஞாபகமில்லை என்று நானும் அம்மாவும் எவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கிறோம் தெரியுமா? உனக்கு இல்லைதான். உன் மூச்சுக்கு இருந்திருக்கிறது.

இது இப்படித்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மூளைக்குள் எட்டிப் பார்த்தவர் யாருமில்லை, இது என் ஊகம். ஆனால் விசாரணையில் உனக்கு உதவும் என்றால் சொல்லிக்கொள். அக்காதான் பழக்கினாள் என்றும் சொல்லிக்கொள், உண்மைதானே? வழி சொல்லச் சொன்னாய். எனக்குத் தெரிந்த வழி இவ்வளவுதான். மற்றதை நீதான் பார்க்க வேண்டும்.

சாப்பிடு. தூங்கு.

அக்கா


செப்டம்பர் 3

அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன், இந்தத் தடவை நிஜமாகவே. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மா எப்படி இருக்கிறாள் என்று முதலில் எழுது.

உன் கடிதத்தைப் படித்தேன். அலமாரி ஞாபகம் வருகிறதா என்று தேடிப் பார்த்தேன், ஒன்றுமே வரவில்லை. யாரோ இன்னொரு பிள்ளையின் கதை மாதிரி இருக்கிறது. அந்தப் பிள்ளை எனக்குள்ளேயே இருந்துகொண்டு, எனக்குச் சொல்லாமல், சீமாட்டியிடம் மட்டும் சொல்லியிருக்கிறது.

விசாரணையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெட்டி, மூச்சு, காமிராப் பதிவு. மீசை படத்தை அழிக்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, அவனாகவே எழுந்து வந்து காட்டினான். அப்பா விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அந்த அறையில் எல்லாரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள், ஓரமாக உட்கார்ந்திருக்கிற சாவிக்காரரை மறந்துவிடுவார்கள் என்று பட்டது.

விசாரணை அதிகாரி நல்ல மாதிரியான அம்மா. “உங்களுக்கே தெரியாம நடந்ததுக்கு நீங்க ஏன் உங்களைக் குத்தம் சொல்லிக்கிறீங்க?” என்று கேட்டார். எனக்கு உன் பல் டாக்டர் ஞாபகம் வந்தார். அப்புறம் எனக்கே தெரியாமல் ஒன்று வாயில் வந்தது. “தெரியாத வரைக்கும் என் மூச்சு செஞ்சது மேடம். தெரிஞ்சப்புறம் வாயை மூடிக்கிட்டு இருந்தா, அது நான் செஞ்சது” என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

சீமாட்டியை எடுத்துவிட்டார்கள். பாவம், புது ஆளோடு நன்றாகவே வேலை செய்கிறாள். என்னை நாய்க்கூடத்தைக் கவனிக்கப் போட்டிருக்கிறார்கள், அதனால் காலையும் மாலையும் தீனி வைக்கிறேன், அவ்வளவாவது கிடைத்தது. எந்தப் பெட்டியில் பொருள் இருக்கிறதென்று வாரைப் பிடிக்கிறவருக்கே தெரியாமல் சோதிக்க வேண்டும் என்று புது விதி வந்திருக்கிறது. பொருள் கிடைக்காத பழைய கேஸ்களையெல்லாம் மறுபடி பார்க்கிறார்கள். அதில் ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டாராம், தேடுகிறார்கள். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சாவிக்காரருக்குச் சாவி திரும்பக் கிடைத்துவிட்டது. அவர் வீட்டுக்கே போய், அவர் மகளுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டேன். திண்டாடித்தான் போனேன். வாசல்வரை வந்து என்னை அனுப்பும்போது, சத்தம் கேட்டதும் எனக்கு மூச்சு நிற்கிறது, ஏனென்று வீட்டில் சொன்னார்கள் என்று அவரிடம் மட்டும் கொஞ்சம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

மறுநாள் அவர் நாய்க்கூடத்துப் பக்கம் வந்ததை நான் கவனிக்கவே இல்லை. நிமிர்ந்தால் எதிரில் நிற்கிறார். சாவிக்கொத்தைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு பிடித்திருந்தார். சத்தம் வரக்கூடாதாம், எனக்காக. என்னால் வேலை போன மனுஷர் அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. “வேணாங்க. தொங்க விட்டுட்டே நடங்க. எனக்குப் பழகணும்” என்றேன்.

இப்போது தினமும் தொங்கவிட்டுத்தான் நடக்கிறார். சத்தம் கேட்டதும் தோள் ஏறுகிறது. ஏறுகிறது என்று இப்போது எனக்குத் தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கூண்டுக்குள்ளிருந்து சீமாட்டி என்னைப் பார்க்கிறாள். அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மூச்சை விட முயற்சி செய்கிறேன். சில நாள் வருகிறது, சில நாள் அவர் தாண்டிப் போகும்வரை வருவதில்லை.

நீ உன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதே. நீ கற்றுக் கொடுத்ததால்தான் தப்பித்தோம். மூச்சை அடக்கச் சொல்ல நீ இருந்தாய். அப்பா ஒரேயடியாகப் போய்விட்டார் என்று அப்போது யாருக்கும் தெரியாததால், விடச் சொல்ல ஒருவரும் வரவில்லை, அதுதான் விஷயம் என்று நினைக்கிறேன். சரியா? நீதான் படித்தவள்.

தம்பி


செப்டம்பர் 15

தம்பிக்கு,

அத்தான் நலம், நான் நலம். அம்மாவைப் பற்றி முதலில் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நான் வாசலிலேயே பிரித்துப் படித்தேன். உள்ளே வந்ததும் அம்மா கையை நீட்டினாள், கொடுத்துவிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தாள், மறுபடி முதலிலிருந்து படித்தாள். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷமாக அவளாக அப்பா பேச்சை எடுத்ததே இல்லை, நானும் கேட்கவில்லை.

நீ கேட்டது சரியா தவறா என்று என் படிப்புக்குத் தெரியவில்லை. யோசித்துக்கொண்டே நான் இந்தக் காகிதத்தை எடுத்து வைத்தேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். முட்டி வலி உள்ளவள், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நான் எழுதுகிற மேஜையை விரலால் இரண்டு தட்டு தட்டினாள்.

“எழுது” என்றாள். “அம்மா சொன்னான்னு எழுது. போயாச்சு. விடுப்பா.”

அக்கா